யாகப்பன்: நேட்டாலில் உருவான ஓர் அரிய குடும்பப்பெயரின் வழித்தடம்

சம்பந்தப்பட்ட குடும்பத்தாரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். இன்று வாழ்பவர்களின் பெயர், கப்பலின் பெயர், காலனி எண் (குடியேறிய ஒவ்வொருவருக்கும் தரப்பட்ட பதிவெண்), பூர்வீகக் கிராமம் எதையும் தரவில்லை. குடும்பப்பெயரையும் தமிழ் வடிவில் மட்டுமே எழுதியிருக்கிறேன். ஆங்கில எழுத்தில் அவர்கள் அதை எழுதும் முறை வேறு யாரிடமும் இல்லாதது; அதைத் தந்தால் வீட்டு வாசலையே காட்டிக் கொடுத்தது போலாகிவிடும்.

பின்னணி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தன் தம்பி மகனை எழுதச் சொல்லி ஒரு கேள்வி அனுப்பினார். அவர்கள் குடும்பம் நடத்திவரும் சிறிய மாரியம்மன் கோயிலில் முன்னோர் நினைவாக ஒரு கருங்கல் பலகை வைக்க ஏற்பாடாகியிருந்தது. 'யாகம் வளர்த்த பூசாரி குலத்தில் உதித்த யாகப்பன் வம்சம்' என்பது அதில் பொறிக்க வேண்டிய வாசகம். கல் வெட்டுபவருக்கு முன்பணமும் போய்விட்டது. வாசகத்தில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேட்டது. தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்களின் பழைய ஆவணங்களைப் படித்துச் சொல்லும் வேலையைச் சில காலமாகச் செய்துவருவதால் என்னிடம் வந்தார்கள்.

எழுத்துப்பிழை இல்லை. ஆனால் அந்த வாசகம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். இந்திய ஒப்பந்தக் கூலிகளோடு முதல் கப்பல் வந்த 150ஆம் ஆண்டு நிறைவை 2010இல் தென்னாப்பிரிக்க இந்தியர்கள் கொண்டாடியபோது, இந்தக் குடும்பத்தின் பெரியவர் ஒருவர் சிறு குடும்ப மலர் அச்சிட்டிருக்கிறார். 'யாகம்', 'அப்பன்' என்று பெயரை இரண்டாகப் பிரித்து அவரே சொன்ன விளக்கம் அது. அதற்கு முன் வீட்டில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை என்றார் அந்த ஆசிரியை, அதாவது தம்பி மகனின் அத்தை. மலரில் அச்சான பிறகு பிள்ளைகள் எல்லோரும் அதையே சொல்லி வளர்ந்துவிட்டார்கள்.

கேள்வி கேட்ட அத்தையிடம் இப்போது அந்தக் குடும்பப்பெயர் இல்லை. திருமணத்தோடு அது போய்விட்டது. அவருடைய தம்பி மகனிடம் இருக்கிறது. இந்தச் சின்ன விவரம் பின்னால் முக்கியமாகிறது.

நேட்டாலில் பெயர்கள் நிலைத்த விதம்

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம்மூரில் தகப்பன் பெயர் முதலெழுத்தாக நின்று, அடுத்த தலைமுறையில் மறைந்துவிடும். டர்பன் துறைமுகத்தைக் கொண்ட பழைய ஆங்கிலேயக் காலனியான நேட்டாலுக்குப் போனவர்களுக்கு அப்படி நடக்கவில்லை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் 342 பேரோடு டர்பன் வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை மொத்தம் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே இறங்கினார்கள். அவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் கொடுக்கப்பட்டது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் ஆகியவை பதிவேட்டில் ஏறின. குடும்பப்பெயர் என்ற கட்டமே அதில் கிடையாது.

பிள்ளைகள் பிறந்து, பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, நிலம் வாங்கியபோதுதான் ஆங்கிலேய அலுவலகத்துக்கு ஒரு கடைசிப்பெயர் தேவைப்பட்டது. பலர் பட்டப்பெயரைச் சொன்னார்கள். கவுண்டர் 'கவெண்டர்' ஆனது, முதலி 'மூட்லி' ஆனது, படையாட்சி 'படயாச்சி' ஆனது. நாயுடுவும் பிள்ளையும் அப்படியே நின்றன. பட்டம் சொல்லாதவர்களுக்கு, அல்லது எழுத்தர் கேட்காமலே விட்டவர்களுக்கு, தகப்பன் பெயரோ பாட்டன் பெயரோ குடும்பப்பெயராக உறைந்துவிட்டது. இன்று தென்னாப்பிரிக்கத் தமிழரிடையே அரிதாகக் காணும் குடும்பப்பெயர்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. ஒரே ஓர் ஆளின் சொந்தப் பெயர், நூறு வருடமாக ஒரு கூட்டத்துக்கே பெயராக நிற்கிறது.

முதலில் கண்டவை: எத்தனை பேர், எங்கே

பெயரின் பொருளை ஒதுக்கி வைத்துவிட்டு, அதை வைத்திருப்பவர்களைக் கணக்கிடுவதில் தொடங்கினேன். பழைய தொலைபேசி அடைவுகள், அரசிதழில் வரும் இறந்தவர் சொத்து அறிவிப்புகள், தகன மேடை மற்றும் இடுகாட்டுப் பதிவுகள், திருமண அழைப்புகள் என்று கிடைத்த இடங்களில் எல்லாம் தேடினோம். தம்பி மகன் உற்சாகமாக இறங்கி வேலை செய்தார்.

தென்னாப்பிரிக்காவில் 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியர், ஆசியர் சுமார் 12.9 லட்சம் பேர்; நாட்டின் மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு. அத்தனை பேருக்குள் யாகப்பன் என்ற பெயரை ஏதாவது ஓர் எழுத்துக்கூட்டில் வைத்திருப்பவர்கள், குழந்தைகளையும் சேர்த்து, நூறைத் தாண்டவில்லை. அவர்கள் மூன்று திரளாக இருந்தார்கள்.

ஒரு திரள் அத்தையின் குடும்பம். நேட்டாலின் வட கடற்கரைக் கரும்புத் தோட்டப் பகுதியில் தொடங்கி, இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப்பகுதிச் சட்டத்தின் கீழ் 1960களுக்குப் பிறகு சாட்ஸ்வொர்த்துக்கும் ஃபீனிக்ஸுக்கும் அனுப்பப்பட்டவர்கள். எல்லோரும் இந்துக்கள். இரண்டாவது திரள் டர்பன் நகருக்குள்ளேயே இருந்த கத்தோலிக்கக் குடும்பம். பெயரை இரட்டை 'பி' போட்டு எழுதுகிறவர்கள் அவர்கள். மூன்றாவது திரள் ஜோகன்னஸ்பர்க் பக்கம். அவர்கள் பெயர் 'ஜே' என்ற எழுத்தில் தொடங்குகிறது; வாயால் சொல்லும்போதும் 'ஜகப்பன்' என்றே சொல்கிறார்கள். அவர்களும் இந்துக்கள். 'ஜகத்துக்கு அப்பன், அதாவது சிவபெருமான்' என்று அவர்களிடமும் ஒரு விளக்கம் தயாராக இருந்தது.

உலக நாடுகளில் எந்தப் பெயர் எத்தனை பேருக்கு என்று எண்ணிக்கை தரும் இணையதளங்களைத் தம்பி மகன் ஏற்கெனவே பார்த்துவைத்திருந்தார். 'இந்தியாவில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், எங்கள் சொந்தக்காரர்கள்தானே?' என்பது அவருடைய கேள்வி. இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் யாகப்பன் என்பது ஒரு மனிதரின் பெயர், அல்லது அவர் பிள்ளைகளின் முதலெழுத்து. படிவங்களில் கடைசிக் கட்டத்தை நிரப்ப அதைப் போடுவதால் கணினி அதைக் குடும்பப்பெயராக எண்ணிக்கொள்கிறது. அந்த எண்ணிக்கையையும் நேட்டால் எண்ணிக்கையையும் ஒரே அட்டவணையில் வைத்தால் வரும் விடைக்கு எந்த அர்த்தமும் இருக்காது.

பெயர் இவ்வளவு அரிதாக இருப்பதற்குத் தனிக் காரணம் எதுவும் தேட வேண்டியதில்லை. ஆண்வழியில் மட்டும் செல்லும் பெயர், பிள்ளைகளின் எண்ணிக்கையில் நேரும் ஏற்ற இறக்கத்தாலேயே சில தலைமுறைகளில் அழிந்துபோகக்கூடியது. பிரான்சிஸ் கால்டனும் ஹென்றி வாட்சனும் 1874இல் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள். நேட்டாலில் சூழ்நிலை இன்னும் கடுமை. கப்பலுக்கு 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்பதுதான் விதி. மணமே ஆகாமல் இறந்தவர்கள், ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவர்கள் ஏராளம். ஒரே ஆளிலிருந்து தொடங்கும் பெயர் நூறு பேரை எட்டியிருந்தால், அதுவே நல்ல விளைச்சல்தான்.

எண்ணைப் பிடித்துக்கொண்டு போனது

வழக்கமாக இந்தத் தேடலைச் செய்கிறவர்கள் கப்பல் பதிவேட்டின் கணினிப் பட்டியலைத் திறந்து குடும்பப்பெயரைத் தட்டுவார்கள். அதே பெயரில் ஒருவர் கிடைப்பார். அவரே நம் முன்னோர் என்று கண்கலங்கி, ஆளைத் தத்தெடுத்துக்கொள்வார்கள். இங்கும் அப்படி ஒருவர் இருந்தார். தம்பி மகன் அவரை எப்போதோ கண்டுபிடித்து, பதிவை அச்செடுத்துச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்.

அந்த வழியில் போவதில்லை என்று முடிவு செய்தேன். பெயர் ஒரே கப்பலில்கூட இரண்டு பேருக்கு இருக்கலாம், காலனி எண் இருக்காது. இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலகம் வைத்திருந்த பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயரோடு தகப்பன் எண், தாய் எண் இரண்டும் எழுதப்பட்டிருக்கும். எனவே இன்றிலிருந்து பின்னோக்கிப் போய், பெயரை நம்பாமல் எண்ணை எட்டிப் பிடிக்க வேண்டும்.

அத்தையின் தகப்பனாருடைய பிறப்புச் சான்றிதழிலிருந்து தாத்தாவின் பெயர் வந்தது. தாத்தா ஒரு சிறு காய்கறித் தோட்டம் விட்டுப் போனதால், பீட்டர்மரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் அவருடைய சொத்து நிர்வாகக் கோப்பு இருந்தது. அந்த நாட்டில் இத்தகைய கோப்புகளின் முதல் தாள் 'இறப்பு அறிவிப்பு'. இறந்தவரின் பெற்றோர் பெயர், பிறந்த இடம், மனைவி, மணமான பெண்கள் உட்பட எல்லாப் பிள்ளைகளின் பெயரும் அதில் இருக்கும். வம்சாவளி தேடுகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள தாள் வேறில்லை என்பது என் எண்ணம். சொத்து எதுவும் விட்டுப் போகாதவர்களுக்கு இது கிடைக்காது. ஏழை முன்னோரைத் தேடுவது கடினமாவது இங்கேதான்.

அந்தத் தாளில் தாத்தாவின் பெற்றோர் பெயர் இருந்தது. அதை வைத்துப் பாதுகாவலர் பதிவேட்டில் 1890களின் தொடக்கத்தில் தாத்தாவின் பிறப்புப் பதிவைக் கண்டோம். எண்கள் இரண்டும் தெளிவாகப் படிக்க முடிந்தன. எண்ணிலிருந்து கப்பல் பதிவேட்டுக்குப் போனால், சட்டம் போட்டு மாட்டியிருந்தவர் அங்கே இல்லை.

கப்பல் பதிவேடு சொன்னது

நேட்டாலுக்கு வந்தவர் பெயர் யாகப்பனே அல்ல. அவர் சின்னசாமி. தகப்பன் பெயர் என்ற கட்டத்தில்தான் யாகப்பன் இருக்கிறார். ஜில்லா தஞ்சாவூர், வந்தது 1880களின் பிற்பாதி. அதாவது இந்தக் குடும்பத்துக்குப் பெயர் கொடுத்தவர் கப்பலே ஏறாதவர்.

சின்னசாமி ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பவில்லை. 1895ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த மூன்று பவுண்டு தலைவரி, அந்தச் சட்டத்துக்குப் பின் ஒப்பந்தமானவர்களுக்குத்தான். அவர் அதற்கு முன்பே வந்தவர் என்பதால் அந்தச் சுமை இல்லாமல் நிலம் குத்தகைக்கு எடுத்துத் தங்க முடிந்திருக்கிறது.

அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் பிறந்தபோது தகப்பன் பெயராக 'சின்னசாமி' மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. இளையவர், அதாவது அத்தையின் தாத்தா, பிறந்தபோது 'சின்னசாமி யாகப்பன்' என்று, அவர் தகப்பன் பெயரும் சேர்ந்து பதிவாகியிருக்கிறது. எழுத்தர் கேட்ட கேள்வி மாறியிருக்கலாம், பதில் சொன்னவர் மாறியிருக்கலாம். விளைவு, மூத்தவர் வழி முழுக்கச் சின்னசாமி என்ற குடும்பப்பெயர் ஆனது. இளையவர் வழி யாகப்பன் ஆனது. இரண்டு பிறப்புப் பதிவுகளிலும் தகப்பன் எண்ணும் தாயின் எண்ணும் ஒன்றே. அந்த எண்கள் இல்லாமல் போயிருந்தால், இரண்டு வழியினரும் உடன்பிறந்தோர் மக்கள் என்று எந்தத் தாளும் சொல்லியிருக்காது.

ஜோகன்னஸ்பர்க் திரளும் இளையவர் வழிதான். அவர் மகன் ஒருவர் வேலை தேடி, ஜோகன்னஸ்பர்க் அடங்கிய டிரான்ஸ்வால் மாகாணத்துக்குப் போயிருக்கிறார். 1950ஆம் ஆண்டின் மக்கள்தொகைப் பதிவுச் சட்டத்தின்படி அடையாள ஆவணம் எழுதப்பட்டபோது பெயரின் முதல் எழுத்து 'ஜே' ஆகியிருக்கிறது. ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் 'ஜே' எழுத்துக்கு 'ய' என்றுதான் உச்சரிப்பு. எழுத்தர் காதில் விழுந்ததைச் சரியாகவே எழுதியிருக்கிறார், தன் மொழியில். அடுத்த தலைமுறை அதை ஆங்கிலமாகப் படித்து 'ஜகப்பன்' ஆகிவிட்டது. ஜகத்துக்கு அப்பன் வந்து சேர்ந்த வழி அது.

கத்தோலிக்கத் திரளுக்கும் இவர்களுக்கும் தொடர்பு இல்லை. சட்டம் போட்டு மாட்டியிருந்த யாகப்பன் அவர்களுடைய முன்னோர். கப்பல் வேறு, ஜில்லா வேறு, சாதிக் கட்டத்தில் 'கிறிஸ்தவர்' என்றே எழுதியிருந்தது. டர்பனில் 1860 முதல் இந்தியர்களிடையே பணியாற்றிய பிரெஞ்சுப் பாதிரியார் ழான் பாப்திஸ்த் சபோன் காலத்திலிருந்தே அங்கே தமிழ்க் கத்தோலிக்கச் சமூகம் உண்டு. ஆக, ஒரு பெயரில் இரண்டு வம்சம். ஒரு வம்சத்தில் மூன்று பெயர். நூறு பேர் என்று நாங்கள் முதலில் எடுத்த கணக்கு உறவை அளக்கவில்லை. சின்னசாமியின் வாரிசுகளை, பெண்வழியையும் சேர்த்துப் பார்த்தால், அதைப்போல் பல மடங்கு.

பெயர் எங்கிருந்து வந்தது

இப்போது பலகை வாசகத்துக்கு வருவோம். யாகப்பர் என்பது இயேசுவின் சீடர்களில் ஒருவருக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் பெயர். போர்த்துகீசியரின் 'சந்தியாகோ' சந்தியாகப்பர் ஆகி, சுருக்கமாக யாகப்பர் ஆனது. சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் அதே ஆளை யாக்கோபு என்பார்கள். பழைய மறைப்பணியாளர்கள் புனிதர் பெயர்களைத் தமிழ்க் காதுக்கு இசைவாக மாற்றியது பெரிய கைவேலை. பேதுரு ராயப்பரானார், பவுல் சின்னப்பரானார், யோவான் அருளப்பரானார், ஸ்தேவான் முடியப்பரானார், அந்திரேயா பெலவேந்திரரானார். ஆங்கில எழுத்தில் முடியப்பன் என்றோ அருளப்பன் என்றோ ஒரு குடும்பப்பெயரைப் பார்க்கும் நான்காம் தலைமுறைக்காரருக்கு, அது கிறிஸ்தவப் பெயர் என்று தோன்ற வழியே இல்லை. தமிழ் தெரியாமல் வளர்ந்து, பிற்பாடு அகராதி புரட்டுகிறவர்களுக்கு 'யாகம்' கிடைப்பதில் வியப்பென்ன?

அப்படியானால் இந்தக் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பமாக இருந்து மாறியதா? சின்னசாமியின் பதிவில் சாதிக் கட்டத்தில் 'கிறிஸ்தவர்' இல்லை. ஒரு சாதிப் பெயர் இருந்தது. இதை வைத்து அவர் இந்து என்று முடிவு கட்டிவிட முடியாது. அந்தக் கட்டத்தில் எழுத்தர்கள் ஒரு முறையில் நிற்கவில்லை. ஒருவருக்குச் சாதி, அடுத்தவருக்கு மதம், இன்னொருவருக்குத் தமிழர் என்ற பொருளில் 'மலபார்' என்று எழுதிப் போயிருக்கிறார்கள். மறுபக்கம், இந்துக் குடும்பங்கள் வேண்டுதலுக்காகப் புனிதர் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது தஞ்சை, இராமநாதபுரம் பக்கங்களில் இன்றும் உண்டு. வேளாங்கண்ணிக்கு நேர்ந்து ஆரோக்கியம் என்று பெயரிட்ட இந்து வீடுகள் எத்தனையோ. பாம்பன் தீவில் தங்கச்சிமடத்தை அடுத்த வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் கோயிலுக்கு எல்லா மதத்தாரும் நேர்த்திக்கடனோடு வருகிறார்கள்.

அத்தை ஒரு விஷயம் சொன்னார். அவருடைய பாட்டி பூசை அலமாரியில் குதிரைமேல் அமர்ந்த ஒரு வீரனின் படத்தை வைத்திருந்தாராம். மதுரை வீரன் என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். சந்தியாகப்பரும் குதிரைமேல்தான் வருவார். கேட்டதும் எனக்கும் ஆர்வம் மேலிட்டது, மறுக்கவில்லை. ஆனால் படம் இப்போது இல்லை, பார்த்தவர்களில் மிஞ்சியவர் அத்தை ஒருவர், நேட்டாலில் மதுரை வீரன் வழிபாடு பரவலாக உண்டு. எனவே அதைக் குறிப்பில் எழுதி வைத்தேன், சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

அறிக்கையில் மூன்று விஷயங்களை உறுதியானவை என்று எழுதினேன்: பெயர் கொடுத்தவர் சின்னசாமியின் தகப்பன், பெயரின் மூலம் ஒரு கத்தோலிக்கப் புனிதர், 'சின்னசாமி', 'ஜகப்பன்' குடும்பங்கள் இவர்களுடைய ரத்த உறவு. பூசாரி குலம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும், யாகப்பனின் மதம் எது என்பதற்கு இரண்டு சாத்தியங்கள் உண்டு என்றும் தனியே எழுதினேன். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லித் தம்பி மகன் பலமுறை கேட்டார். செய்யவில்லை. கல்லில் ஏறிவிட்டால் ஊகம் உண்மையாகிவிடும் என்பதை 2010 மலர் ஏற்கெனவே காட்டியிருந்தது.

சாதிக் கட்டத்தில் இருந்ததை அறிக்கையில் சேர்க்கவில்லை. ஆவணத்தின் படத்தை அத்தையிடம் கொடுத்துவிட்டேன். பொது ஆவணம், அதை மறைக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் பலருக்கும் சுற்றுக்கு அனுப்பப்படும் அறிக்கையில் அது முதல் வரியாகப் படிக்கப்படும், மற்றதெல்லாம் பின்னால் போய்விடும். உறவினர் ஒருவர் அந்தக் கட்டத்தை வைத்துக் குடும்பப்பெயரையே ஒரு பட்டப்பெயராக மாற்றிக்கொள்ளலாமா என்று விசாரித்ததாகப் பின்னர் தெரிந்தது. என் தயக்கம் வீணல்ல.

மரபணுச் சோதனை செய்தால் என்ன என்ற யோசனையும் வந்தது. ஆண்வழிக் குரோமோசோம் சோதனை, கத்தோலிக்கக் குடும்பத்துக்கும் இவர்களுக்கும் ஆண்வழித் தொடர்பு உண்டா என்று சொல்லும். வேண்டாம் என்றேன். கப்பலும் ஜில்லாவும் தகப்பன் பெயரும் வேறாக இருக்கையில் கேள்விக்கு அது தேவையில்லை. தவிர, இத்தகைய சோதனை கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லும். யார் பிள்ளை யாருடையது என்பது கோயில் பலகைக்காகத் திறக்க வேண்டிய கதவு இல்லை.

தஞ்சைப் பக்கம் ஊரைத் தேடுவதும் பேசப்பட்டது. கிராமப் பெயர் சென்னை முகாமில் ஒருவர் எழுதி, நேட்டாலில் இன்னொருவர் படியெடுத்தது. அந்தத் தாலுகாவில் இரண்டு ஊர்கள் அதற்குப் பொருந்தின. ஊருக்குப் போய் 'யாகப்பன் குடும்பம்' என்று விசாரித்தால் யாரும் பதில் சொல்லப் போவதில்லை. அங்கே அப்படி ஒரு குடும்பப்பெயர் உருவாகவே இல்லை. பங்குக் கோயிலின் (கத்தோலிக்கரின் வட்டார ஆலயத்தின்) ஞானஸ்நானப் பதிவேட்டில் தேடலாம். ஆனால் அந்தக் காலப் பதிவுகள் லத்தீனில் இருக்கும்; யாகப்பன் அங்கே 'யாக்கோபுஸ்' என்று இருப்பார். இதைத் தெரியாமல் தேடியவர்கள் வெறுங்கையோடு திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பங்குகளுக்கும் கடிதம் எழுதுவது என்று முடிவானது. பயணம் இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டோம்.

தொடர்ந்து நடந்தவை

அறிக்கையை அத்தை முதலில் தனியாகப் படித்தார். 'எங்க பெரியவரு மனசு கஷ்டப்படுவாரு, ஆனா கல்லுல பொய்யி இருக்கக் கூடாது' என்பது அவர் சொன்ன பதில். மலர் அச்சிட்ட பெரியவர் கஷ்டப்படத்தான் செய்தார். கத்தோலிக்கப் புனிதரின் பெயர் மாரியம்மன் கோயிலில் எப்படி என்று குடும்பக் கூட்டத்தில் கேட்டார். சிலர் அவர் பக்கம். இளைஞர்கள் பலருக்கு விளக்கம் பிடித்திருந்தது, சற்று அதிகமாகவே. புனிதரின் படத்தைப் பலகையில் போடலாம் என்றும் ஒரு யோசனை எழுந்தது. பூசாரிக் கதையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புனிதர் கதையை வைப்பதும் அதே தவறுதான் என்று எழுதி அனுப்பினேன்.

பலகை சில மாதம் தாமதமாக வந்தது. அதில் சின்னசாமியின் பெயரும், அவர் மனைவியின் பெயரும், இருவரின் காலனி எண்களும், கப்பலும், தஞ்சாவூர் ஜில்லா என்பதும் இருக்கின்றன. 'சின்னசாமியின் தகப்பனார் யாகப்பன்' என்று ஒரு வரி. பெயருக்கு விளக்கம் எதுவும் இல்லை. மனைவியின் எண்ணைச் சேர்த்தது அத்தையின் பிடிவாதம்.

சின்னசாமி வழியினர் பலகை வைத்த அன்று வந்தார்கள். தங்களுக்கு இப்படி ஒரு கிளை இருப்பது அவர்களில் வயதானவர்களுக்கு ஓரளவு தெரிந்தே இருந்தது. பெயர் வேறாக இருந்ததால் பிள்ளைகளிடம் சொல்ல விட்டுப்போயிருந்தது. ஜோகன்னஸ்பர்க் குடும்பத்தில் ஒருவர் தன் பெயரின் முதல் எழுத்தைத் திருத்த உள்துறையில் விண்ணப்பித்திருக்கிறார். 1992ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் அதற்கு இடம் தருகிறது; ஆனால் பிள்ளைகளின் பட்டச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருப்பதால் மற்றவர்கள் 'ஜே'யோடு இருந்துவிட்டார்கள்.

கத்தோலிக்கக் குடும்பத்துக்கு அவர்களுடைய முன்னோரின் பதிவை அனுப்பிவைத்தோம். படச்சட்டத்தோடு.

அடுத்தமுறை மாற்றிச் செய்யக்கூடியவை

தலைகளை எண்ணும் வேலையை எழுத்துக்கூட்டில் தொடங்கியது நேரத்தை விழுங்கியது. அரிய குடும்பப்பெயரோடு வருகிறவர்களிடம், அந்தப் பெயரை இப்போது வைத்திராத பெண்களின் பட்டியலை முதலிலேயே கேட்க வேண்டும். மணமாகிப் போன அத்தைகள், பாட்டிகள் வீட்டுப் பெட்டிகளில்தான் பழைய தாள்கள் இருக்கின்றன. இந்தக் குடும்பத்தின் இறப்பு அறிவிப்பு நகல் ஒன்று அப்படி ஓர் அத்தை வீட்டில் இருந்தது பிறகு தெரிந்தது. காப்பகத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கவே வேண்டியதில்லை.

கணினித் தேடலில் 'ய'வுக்கு 'ஜே'யையும், தகப்பன் பெயர்க் கட்டத்தையும் தொடக்கத்திலேயே சேர்த்துவிட வேண்டும். பெரும்பாலானோர் ஆள்பெயர்க் கட்டத்தில் மட்டும் தேடுகிறார்கள்; குடும்பப்பெயர் பாட்டன் பெயராக இருக்கும் வீடுகளில் அது எப்போதும் தவறான ஆளிடமே கொண்டுபோய் விடும்.

கல் வெட்ட முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்கச் சொல்லி இப்போது எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். இரண்டு பங்குகளில் ஒன்றிலிருந்து பதில் வந்திருக்கிறது: 1850களின் பதிவேடு கரையான் அரித்துப் பாதி போய்விட்டது, மிச்சத்தைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். மற்றதற்குக் காத்திருக்கிறோம்.